கோயோக் விற்றவர்கள்: 'மாய் மோ' என்றால் என்ன?

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் நான் ஏதோ பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மலேசியத் தமிழர் தே தாரேக்கை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அண்ணே, கோயோக் விக்காதீங்க" என்றார். மேசையே சிரித்தது. எனக்கு மட்டும் விளங்கவில்லை.

பிறகு சொன்னார்கள். கோயோக் என்றால் வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. மருந்துப் பற்றுக்கான ஹொக்கியன் சீனச் சொல் மலாயில் புகுந்து, அங்கிருந்து எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. 'கோயோக் விற்பது' என்றால் வாய்ப்பந்தல் போடுவது, அளந்துவிடுவது. பிளாஸ்திரிக்கும் அளப்புக்கும் என்ன சம்பந்தம்? முன்பு சந்தையில் பிளாஸ்திரி விற்க வந்தவர் கடை விரித்து, வாங்க ஆள் வரும் என்று காத்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றுவார், கம்பு சுற்றுவார், செங்கல் உடைப்பார், மூச்சை இழுத்து வயிற்றில் குத்தச் சொல்வார். நடுநடுவே பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். கூட்டம் கட்டியதும் பிளாஸ்திரி வெளியே வரும்.

இந்தப் பிழைப்புக்குக் கண்டோனீஸ் மொழியில் ஒரு பெயர் உண்டு: மாய் மோ.

இந்தச் சொல்லைப் பற்றி மூன்று விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். 'அதெல்லாம் டூப்பு குங்ஃபூ' என்பார்கள் சிலர். 'வித்தை காட்டிப் பிச்சை எடுப்பது' என்பார்கள் வேறு சிலர். குங்ஃபூ படங்களிலேயே ஊறியவர்களோ, வறுமையில் வாடிய மாபெரும் ஆசான்கள் தெருவில் தங்கள் கலையைக் காட்டிய சோகக் கதையாகச் சொல்வார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் மூன்றுமே ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்காமல் விட்டவை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

கண்டோனீஸ் என்பது தென்சீனத்தின் குவாங்டோங் பகுதியிலும் ஹாங்காங், மக்காவிலும் பேசப்படும் மொழி. அதில் 'மாய்' என்றால் விற்பது, 'மோ' என்றால் போர்க்கலை. சேர்த்துச் சொன்னால் போர்க்கலை விற்பது. தெருவிலோ கோயில் வாசலிலோ சந்தைத் திடலிலோ வட்டம் கட்டி, கைச்சண்டையும் கம்பும் வாளும் காட்டிக் காசு பார்ப்பதற்கு இந்தப் பெயர். பாட்டு, கூத்து, கழைவித்தை என்று எந்தக் கலையைக் காட்டிப் பிழைத்தாலும் பொதுப்பெயர் 'மாய் ங்காய்', அதாவது கலை விற்பது. மாய் மோ அதில் ஒரு கிளை.

உச்சரிப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண்டோனீஸில் ஒரே அசை சுருதி மாறினால் பொருளும் மாறும். 'மாய்' என்பதைத் தாழ்ந்த குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னால் 'விற்பது'. அதே தாழ்வில் தொடங்கிச் சற்றே மேலே இழுத்தால் 'வாங்குவது'. புதிதாகக் கற்கிறவர்கள் கடைக்காரரிடம் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் இதுதான். 'மோ' இன்னும் சுவாரசியம். போர்க்கலைக்கும் நடனத்துக்கும் எழுத்து வேறு, ஆனால் ஒலியும் ஒன்று, சுருதியும் ஒன்று. காதால் மட்டும் கேட்டால் சண்டையா ஆட்டமா என்று பிரிக்கமுடியாது. தெருவில் பார்த்தாலும் அப்படித்தான்.

குழப்பம் தொடங்குவது 'விற்பது' என்ற வினையில். கம்பு வீச்சை யாரும் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அப்படியென்றால் விற்பனையானது எது?

வட்டம் எப்படிக் கட்டுகிறது

எங்கள் ஊர்ச் சந்தையில் மோடி மஸ்தான் வருவார். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாக மேளம் அடித்துச் சொல்வார். கீரி கயிற்றில் கட்டியபடியே இருக்கும், பாம்பு கூடைக்குள்ளேயே இருக்கும், தாயத்து மட்டும் விற்றுக்கொண்டிருக்கும். சண்டையைப் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் நின்றோம்.

இவருக்கும் தென்சீனத்துத் தெரு ஆசாமிக்கும் உறவு ஒன்றுமில்லை. ஆனால் கூட்டத்தைக் கட்டும் கணக்கு ஒன்றேதான் என்பதால் சொல்கிறேன். ஒரே வித்தியாசம், மாய் மோவில் சொன்ன வித்தை உண்மையாகவே நடக்கும்.

முதலில் ஒலி. வெண்கலச் சேகண்டி ஒன்றைத் தட்டுவார்கள். குழந்தைகள் ஓடிவரும், பின்னால் பெரியவர்கள். பத்துப் பேர் நின்றுவிட்டால் பதினொன்றாவது ஆளை அழைக்க வேண்டியதில்லை, 'என்னது அங்கே?' என்ற கேள்வியே இழுத்துவரும். ஆனால் கூட்டம் நெருக்கியடித்தால் ஆட இடமிருக்காது. அதற்குத்தான் கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டு. அதைத் தலைக்கு மேல் சுழற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டு, முன்வரிசையின் மூக்குக்கு அருகே கொண்டுபோனால் எல்லோரும் தாமாகவே பின்வாங்குவார்கள். வட்டம் விரியும். மெனக்கெட்டு 'தள்ளி நில்லுங்கள்' என்று கத்தியிருந்தால் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். இதில் தள்ளிவிட்டதே ஒரு வித்தையாகிவிடுகிறது.

அடுத்தது பேச்சு. 'புதிதாக உங்கள் ஊருக்கு வந்த சின்னவன்' என்று பணிவோடு தொடங்கும். 'வீட்டில் இருந்தால் பெற்றவர் துணை, வெளியே வந்தால் நண்பர் துணை' என்று நகரும். பிறகு, 'பணம் இருப்பவர் பணத்தால் தாங்குங்கள், இல்லாதவர் ஆளாய் நின்று தாங்குங்கள்' என்று வரும். சீனத் தெருவித்தை முழுக்கப் புழங்கிய வாசகம் இது. இதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனியுங்கள்: காசில்லாதவனையும் போகச் சொல்லவில்லை. அவன் நின்றால்தான் காசுள்ளவன் நிற்பான்.

பெய்ஜிங்கின் தியான்சியாவ் பகுதி ஒரு காலத்தில் வடக்கே இந்தத் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு சொலவடை: பேசிக்கொண்டே இருந்து ஆடாதவன் போலி வித்தைக்காரன், ஆடிக்கொண்டே இருந்து பேசாதவன் முட்டாள் வித்தைக்காரன், ஆடவும் பேசவும் தெரிந்தவனே அசல் வித்தைக்காரன். குங்ஃபூ ரசிகர்கள் பேச்சை ஏமாற்றின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். தொழிலில் இருந்தவர்களுக்கோ அது பாதி உழைப்பு.

கடைசியில் நேரம் பார்த்துக் கேட்பது. பெரிய வித்தை முடிந்தபின் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே கல்லை மார்பில் ஏற்றியாகிவிட்டது, சம்மட்டியும் ஓங்கியாகிவிட்டது, அந்த நொடியில் பேச்சு திரும்பும். அதுவரை தட்டப்பட்ட சேகண்டி கவிழ்ந்து தட்டாகும், ஒரு சிறுவன் அதை ஏந்தி வட்டத்தைச் சுற்றி வருவான். முன்வரிசைக்காரரால் நழுவவும் முடியாது, பின்னால் நாலு வரிசை நிற்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கம்பும் வாளும் இங்கே சரக்கல்ல. அவை கூட்டத்தைச் செய்யும் கருவிகள். கூட்டம் கையில் வந்தபின்தான் வியாபாரம்.

தட்டில் என்ன இருந்தது?

நூற்றெட்டுக் கலகக்காரர்களைப் பற்றிய பழைய சீன நாவல் ஒன்று உண்டு. சோங் அரசர் காலத்தில் நடப்பதாகக் கதை, மிங் காலத்தில் நாவல் வடிவம் பெற்றது. அதன் தொடக்கத்தில் லீ சோங் என்றொரு தெரு வித்தைக்காரர் வருகிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே பார்த்தால் நடுவில் ஆள், கையில் பத்துப் பன்னிரண்டு கம்புகள். தரையில் ஒரு தட்டு. தட்டில் பத்துப் பதினைந்து பிளாஸ்திரிகள், அவற்றின்மேல் செருகிய ஒரு காகிதச் சீட்டு, விற்பனைக்கு என்பதற்கு அடையாளமாக.

தெரிந்தவர் ஒருவர் அடையாளம் கண்டு பேச, அவரோடு வந்த லூ என்ற முரட்டு அதிகாரி குடிக்க அழைக்கிறார். 'கொஞ்சம் பொறுங்கள், பிளாஸ்திரி விற்றுக் காசு பார்த்துவிட்டு வருகிறேன்' என்கிறார் லீ சோங். லூவுக்கு அதற்குக்கூடப் பொறுமையில்லை. கூட்டத்தைப் பிடித்துத் தள்ளி, 'போகாதவனுக்கு உதை விழும்' என்று விரட்டிவிடுகிறார். ஒரு நாள் வருமானம் கண்முன்னே கலைந்து போகிறது. லீ சோங் கோபத்தை விழுங்கிச் சிரிக்கிறார், வேறென்ன செய்வார்?

என்னைப் பொறுத்தவரை மாய் மோவை விளக்க இந்த ஒரு காட்சி போதும். கம்பு சுற்றியாயிற்று, கூட்டம் நிற்கிறது, ஆனாலும் காசு இன்னும் வரவில்லை. காசு இருப்பது தட்டில்.

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்திக்கொள்வோம்: திட் தா. கண்டோனீஸில் 'விழுவதும் அடிபடுவதும்' என்று பொருள். சுளுக்கு, ரத்தக்கட்டு, மூட்டுப் பிசகு, எலும்பு முறிவு ஆகியவற்றுக்கான வைத்தியத்தின் பெயர் அதுதான். சண்டை கற்பிக்கும் ஆசான் ஏன் வைத்தியராகவும் இருந்தார் என்பது நம்மில் பலருக்கு விளக்காமலே புரியும். குமரிப் பக்கத்து ஆசான்மார் அடிமுறையும் வர்ம வைத்தியமும் சேர்த்தே வைத்திருந்தது போலத்தான். அடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் தினமும் யாருக்காவது அடிபடும். அடியைச் சரிசெய்யத் தெரியாதவரிடம் யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

திட் தாவின் சரக்கு இரண்டு. ஒன்று, மூலிகைகளைச் சாராயத்தில் ஊறவைத்த தைலம். மற்றது பிளாஸ்திரி. பழைய முறைப்படி மூலிகைகளை எள்ளெண்ணெயில் கருக வறுத்து, வடிகட்டி, ஈயச் செந்தூரம் சேர்த்துக் காய்ச்சினால் கன்னங்கரேலென்று தார்போல ஒரு பசை கிடைக்கும். அதைத் துணியிலோ தோலிலோ காகிதத்திலோ வட்டமாகத் தடவி மடித்துவைப்பார்கள். வேண்டும்போது தீயில் காட்டினால் இளகும், சூட்டோடு வலிக்கும் இடத்தில் ஒட்டவேண்டியதுதான். எடையில்லை, கெடாது, மூட்டையில் நூறு அடங்கும். ஊர் ஊராகப் போகிறவருக்கு இதைவிடத் தோதான சரக்கு ஏது?

இப்போது ஆட்டமும் சரக்கும் எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். செங்கல்லை வெறுங்கையால் உடைத்துவிட்டு, 'இந்தக் கைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?' என்று கேட்டு, தைலப்புட்டியை உயர்த்துகிறார். உடல்தான் விளம்பரப் பலகை. தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது: அந்தக் கையை அப்படி ஆக்கியது புட்டியல்ல, ஆண்டுக்கணக்கான பயிற்சி. ஆனால் சுமை தூக்கித் தோள் வலிக்க நிற்கும் கூலிக்காரர் அந்த இடத்தில் தர்க்கம் பார்ப்பாரா? அவருக்கு உண்மையில் தேவைப்பட்டதும் சுளுக்குக்கு ஒரு பற்றுதான். சரக்கு நல்லதாக இருந்தால் பலன் கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் வெறும் சூடு.

மோசமான சரக்கும் நிறையவே புழங்கியது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் போலி மருந்துக்கு இன்றும் 'நாய்த்தோல் பிளாஸ்திரி' என்றுதான் பெயர். கண்டோனீஸ்காரர்களின் எச்சரிக்கை இன்னும் அழகானது: 'இவ்வளவு பெரிய தவளை தெருவில் சும்மாவா துள்ளித் திரியும்?' சமைத்துத் தின்னத்தக்க கொழுத்த தவளை இலவசமாகத் துள்ளினால் எங்கோ சூது இருக்கிறது என்று அர்த்தம்.

மார்பின் மேல் கல்

'எல்லாம் தந்திரம்' என்று சொல்பவர்களும் 'எல்லாம் உள்சக்தி' என்று சொல்பவர்களும் சந்தித்துக்கொள்ளும் இடம் இது. இத்தகைய வித்தைகளைக் கண்டோனீஸில் 'ங்காங் ஹேய் குங்' என்பார்கள், அதாவது கடின மூச்சுப் பயிற்சி. மூச்சைக் கட்டி, தசையை இறுக்கி, அடியைத் தாங்குவது. அந்தப் பயிற்சி பொய்யல்ல. ஆனால் வேலையில் பெரும்பங்கைச் செய்வது வேறொன்று.

கிணற்றடியில் துவைக்கும் கல்லைக் காலால் எத்திப் பாருங்கள். கல் அசையாது, கால்தான் வலிக்கும். கனமான பொருளை நகர்த்துவது கடினம். நகராமல் கிடக்க முயலும் இந்த இயல்புக்குச் சடத்துவம் என்று பெயர்.

ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார், மார்பில் 60 கிலோ கற்பலகை. 5 கிலோ சம்மட்டி நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. சம்மட்டியிடம் இருக்கும் ஆற்றல் 90 ஜூல். கல்லில் மோதி ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நகரும் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. நகர்வில் மிஞ்சும் ஆற்றல் 13-இல் ஒரு பங்கு, சுமார் 7 ஜூல். மீதியெல்லாம் மோதும் இடத்திலேயே கல்லை நொறுக்குவதிலும் சூடாவதிலும் ஒலியிலும் தீர்ந்துவிடுகிறது. கல் பெரிதாகப் பெரிதாகப் பார்ப்பவருக்குப் பயம் கூடும், படுத்திருப்பவருக்கு அடி குறையும். சின்னக் கல்லாக வைத்திருந்தால்தான் விலா எலும்பு போயிருக்கும்.

ஆணிப் படுக்கை இதைவிட எளிது. ஓர் ஆணிமேல் 60 கிலோ நின்றால் துளைத்துவிடும். 600 ஆணிகளில் அதே எடை பரவினால் ஓர் ஆணிக்கு 100 கிராம், ஒரு சின்னக் கொய்யாப்பழத்தின் எடை. கஷ்டம் படுத்திருப்பதில் இல்லை, சரிசமமாகப் படுப்பதிலும் எழுவதிலும் இருக்கிறது.

தொண்டைக்குழியில் ஈட்டியை ஊன்றி வளைப்பது வேறு வகை. அதற்கு ஈட்டித்தண்டு நன்றாக வளையும் மரமாக இருக்கவேண்டும், முனை எங்கே படவேண்டும் என்பது இம்மி பிசகக் கூடாது. மேற்கொண்டு நான் விவரிக்கப்போவதில்லை. கணக்குப் புரிந்துவிட்டது என்று யாரும் வீட்டு மொட்டைமாடியில் சம்மட்டி தூக்கவும் வேண்டாம். கல் உடையாமல் வழுக்கினால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

ஆக, ஆபத்து உண்மை, பயிற்சி உண்மை. எது கடினமாகத் தெரிகிறதோ அதுவே கடினம் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வதுதான் பொய்.

அப்படியானால் அசலா போலியா?

தொழிலுக்குள் இருந்தவர்கள் இந்தக் கேள்வியை நம்மைவிடத் தெளிவாகக் கேட்டார்கள். வடசீனத்துத் தெருவித்தைக்காரர்களிடம் வெளியாருக்குப் புரியாத குழூஉக்குறி இருந்தது. அதில் உண்மையான திறமைக்கு 'ஜியென்', அதாவது கூர்மை. ஏமாற்றுக்கு 'ஸிங்', அதாவது மீன் கவிச்சி. போர்க்கலைப் பிழைப்பிலும் கூர்மையானவர், கவிச்சியானவர் என்று பிரித்துச் சொல்வார்கள். ஆனால் அவர்களுடைய முத்தாய்ப்பான பழமொழி: 'கவிச்சியோடு கூர்மை சேர்ந்தால் தேவர்களையும் மிஞ்சலாம்.' திறமை மட்டும் இருந்தால் பட்டினி, ஏமாற்று மட்டும் இருந்தால் உதை. இரண்டும் கலந்தால்தான் அடுப்பு எரியும்.

குவாங்டோங்கின் மரபான பயிற்சிக்கூடங்களில் மாய் மோவைத் தாழ்வாகப் பார்த்ததும் உண்டு. பார்வைக்கு அழகு, சண்டைக்கு உதவாது என்று சொல்ல 'பூக்குத்தும் பூவேலைக் காலும்' என்ற தொடரே இருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. தெருவில் பத்து வரிசைக்கு அப்பால் நிற்பவனுக்கும் தெரியவேண்டும் என்றால் அசைவு பெரிதாக வேண்டும், தாவ வேண்டும், சுழல வேண்டும். உண்மைச் சண்டையின் நல்ல அடி எதிராளிக்கே தெரியாது, பார்வையாளனுக்கு எங்கே தெரியும்? ஆகவே தெருவில் ஆடியது சண்டையின் நாடகம். நாடகம் ஆடியவருக்குச் சண்டை தெரியாது என்று மட்டும் முடிவுகட்டிவிடக் கூடாது. தனியாக ஊர் ஊராக அலைந்து, அன்னியச் சந்தையில் காசு சேர்த்து, இரவில் அந்தக் காசோடு உறங்கி எழுந்தவர்கள் அவர்கள். கொஞ்சமாவது அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் யாருடையது

அலைந்து பிழைக்கிறவர்களின் உலகத்துக்குக் கண்டோனீஸில் 'கோங் வூ' என்று பெயர், மாண்டரினில் ஜியாங்ஹூ. சொல்லுக்குச் சொல் பொருள் 'ஆறுகளும் ஏரிகளும்'. குடும்பம், ஊர், அரசு என்ற மூன்று வேலிகளுக்கும் வெளியே இருப்பவர்களின் உலகம். வித்தைக்காரர், குறிசொல்பவர், பல் பிடுங்குபவர், சூதாடி, திருடன் எல்லோரும் அதில் அடக்கம்.

வேலிக்கு வெளியே என்றாலும் அங்கே சட்டம் உண்டு. அதே நாவலில் இன்னொரு வித்தைக்காரர் வருகிறார், ஸுவே யோங் என்று பெயர். அவரும் கம்பு சுற்றி மருந்து விற்பவர். பிரமாதமாக ஆடுகிறார், தட்டைச் சுற்றுகிறார், ஒருவர்கூடக் காசு போடவில்லை. மறுபடி சுற்றுகிறார், மறுபடியும் இல்லை. வழிப்போக்கர் ஒருவர் மட்டும் ஐந்து தாயேல் (பழைய சீன எடையளவு) வெள்ளியை எடுத்துக் கொடுக்க, ஊர்ப் பெரிய வீட்டுப்பிள்ளை பாய்ந்து வந்து சண்டைக்கு நிற்கிறான். விஷயம் இதுதான்: ஸுவே யோங் கடை விரிக்குமுன் அந்த வீட்டுக்குப் போய்த் தலைகாட்டவில்லை. 'யாரும் காசு போடக்கூடாது' என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

தெரு எல்லோருக்கும் பொது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தெருவில் பிழைக்கிறவர் அப்படி நினைத்தால் பட்டினிதான்.

இடத்திலும் ஏணிப்படிகள் இருந்தன. சோங் காலத்துத் தலைநகரங்களில் கேளிக்கைக்கென்றே அரங்குகள் நிறைந்த பேட்டைகள் இருந்தன. அங்கே இடம் கிடைக்காமல் வெட்டவெளியில் ஆடியவர்களுக்குத் தனிப்பெயர் வைத்து, அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக, தெருவில் ஆடுபவர் ஒருபடி கீழே என்ற எண்ணத்துக்கு வயது எழுநூறுக்கும் மேல். சிங் காலத்தில் யோங்செங் பேரரசர் கைச்சண்டையும் கம்பும் கற்பிப்பவர்களைத் தடைசெய்து ஆணையே போட்டார். ஊர்சுற்றிகள் கூட்டம் சேர்ப்பது எந்த அரசுக்குத்தான் பிடிக்கும்?

ஹாங்காங்கில் இந்தத் தொழிலுக்குப் பேர்போன இடம் தாய் தாத் தேய், 'பெரிய வெளி' என்று பொருள். 1841 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் படை இறங்கிக் கொடியேற்றிய மேட்டுக்குப் பக்கத்தில்தான் அந்தத் திடல். விளக்கு வைத்தபின் சாப்பாட்டுத் தள்ளுவண்டி, கதைசொல்லி, சோதிடர், வித்தைக்காரர் என்று களைகட்டும். 'ஏழைகளின் இரவு விடுதி' என்று அதற்குச் செல்லப்பெயர். நீரிணைக்கு அந்தப்பக்கம் யாவ் மா தேய் பகுதியில், கடலன்னை கோயிலுக்கு முன்னால் ஆலமரத்தடி. ஆலமரத்தடி என்பதே அந்த இடத்தின் பெயர். தாய் தாத் தேய் இருந்த இடம் இன்று ஒரு பூங்கா.

தொழில் எப்படித் தேய்ந்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சினிமாவும் தொலைக்காட்சியும் வந்தன. தெருக்கடைகளுக்கு உரிமம் வந்தது. சீன நிலப்பரப்பில் 1949-க்குப் பிறகு வித்தைக்காரர்கள் பலர் அரசுச் சர்க்கஸ் குழுக்களில் சேர்ந்தார்கள். ஹாங்காங்கில் 1999-இல் சீன மருத்துவத்துக்குத் தனிச் சட்டம் வந்தபின் திட் தா பார்ப்பவரும் பதிவு செய்துகொண்டாக வேண்டும். தட்டில் பிளாஸ்திரி அடுக்கி வைத்தால் யார் தயாரித்தது என்று கேட்பார்கள்.

பக்கத்தில் இருப்பவை, ஆனால் இது இல்லை

சீனப் புத்தாண்டுக்குக் கடை வாசலில் சிங்க நடனம் ஆடி, தொங்கவிட்ட கீரையைக் கவ்விச் சிவப்பு உறையில் பணம் வாங்குவதை மாய் மோ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆடுபவர்கள் பெரும்பாலும் குங்ஃபூ பயிற்சிக்கூடத்துப் பையன்கள் என்பதால் வரும் குழப்பம். ஆனால் அங்கே கூடம் அழைக்கப்பட்டு வருகிறது, வாழ்த்துச் சொல்லிப் பரிசு வாங்குகிறது. அரங்கில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஷாவோலின் நிகழ்ச்சியும் இது இல்லை, காசு முன்னாலேயே வந்துவிட்டது. காசு வருமா வராதா என்று தெரியாமலே சட்டையைக் கழற்றுவதுதான் மாய் மோ.

ஃபோஷானில் ஒரு சந்து

குங்ஃபூ படம் பார்த்த எவருக்கும் வோங் ஃபெய்-ஹுங் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1949 முதல் அவரை நாயகனாக்கிக் கண்டோனீஸில் எடுத்துத் தள்ளிய படங்களுக்குக் கணக்கில்லை. படங்களில் அவர் கனவான், நீளங்கி அணிந்தவர், ஊரே எழுந்து நிற்கும். அவர் எங்கிருந்து வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1847-இல் பிறந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். தகப்பனார் வோங் கெய்-யிங், பிற்காலத்தில் 'குவாங்டோங்கின் பத்துப் புலிகள்' என்ற வரிசையில் வைத்துப் போற்றப்பட்டவர். அந்தப் புலி மகனைக் கூட்டிக்கொண்டு ஃபோஷானிலும் குவாங்சோவிலும் தெருத்தெருவாக மாய் மோ செய்து, மருந்து விற்றுப் பிழைத்தார்.

மரபாகச் சொல்லப்படும் கதை இது. ஃபோஷானில் கறுப்பு அவரை ஊறுகாயின் பெயர் கொண்ட ஒரு சந்து. மகனுக்குப் பதின்மூன்று வயது. அதே சந்தில் லாம் ஃபூக்-சிங் என்பவரும் கடை விரித்திருக்கிறார். 'இரும்புப் பாலம்' என்று பேர்பெற்ற ஆசானின் மாணவர். கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார், வட்டத்தை விரிக்கும் அதே குண்டு. பிடி நழுவுகிறது. பார்வையாளர் ஒருவருக்குப் பலத்த அடி. கூட்டம் கொந்தளிக்கிறது.

பக்கத்துக் கடைக்காரரான வோங் கெய்-யிங் தன் மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அடிபட்டவருக்குக் கட்டுப் போடுகிறார். போட்டிக்காரர் தொலையட்டும் என்று இருந்திருக்கலாம், இருக்கவில்லை. கைம்மாறாக லாம் ஃபூக்-சிங் அந்தச் சிறுவனுக்கு இரண்டைக் கற்றுக்கொடுத்தாராம்: இரும்புக்கம்பிக் குத்து என்ற பயிற்சிமுறை ஒன்று, அன்று கையை மீறிப்போன அந்தக் குண்டுவீச்சு மற்றொன்று. இரும்புக்கம்பிக் குத்து இன்றும் அந்த மரபினர் போற்றிப் பயிலும் பாடம். தெருவில் ஒரு விபத்து நடந்து, தட்டில் இருந்த மருந்து விலைபோகாமல் இலவசமாகப் போனதால் கைமாறிய பாடம்.

பின்னாளில் வோங் ஃபெய்-ஹுங் குவாங்சோவில் போ சி லாம் என்ற மருந்தகம் வைத்தார். கதவும் கூரையும் உள்ள இடம், சுவர் நிறைய மருந்து இழுப்பறைகள். நோயாளிகள் தேடி வந்தார்கள், சேகண்டி தட்ட வேண்டியிருக்கவில்லை. 1924-இல் வணிகர் படைக்கும் அரசுக்கும் நடந்த மோதலில் பற்றிய தீயில் அந்த மருந்தகம் எரிந்துபோயிற்று. அடுத்த ஆண்டு அவர் இறந்ததாகச் சொல்கிறார்கள்.

லீ சோங்கைப் பாதியில் விட்டுவிட்டேன். கூட்டத்தை விரட்டியபின் குடிக்கப் போனார்கள் அல்லவா? கடையில் ஓர் ஏழைப் பாடகி அழுதுகொண்டிருக்கிறாள். அவளுக்கு உதவ ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம் என்கிறார் லூ. அவர் ஐந்து தாயேல் வைக்கிறார், இன்னொருவர் பத்து வைக்கிறார், லீ சோங் மடியைத் துழாவி இரண்டை எடுக்கிறார். 'மனசே வராத ஆள்' என்று சொல்லி லூ அதை அவரிடமே தூக்கி எறிந்துவிடுகிறார். வாசகர்கள் பலரும் அந்த இடத்தில் லீ சோங்கைக் கஞ்சன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு அவர் பிளாஸ்திரி ஒன்றாவது விற்றிருந்தாரா என்று லூவும் கேட்கவில்லை.